கோடை நேரம் மாறும்போது கறவை நேரம்: ஒரேயடியாக மாற்றுவதா, மெல்ல நகர்த்துவதா, அப்படியே விடுவதா?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ், தெற்கு ஆஸ்திரேலியா, தாஸ்மேனியா மாநிலங்களிலும் தலைநகர்ப் பகுதியிலும் அக்டோபர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணி, 3 மணி ஆகிவிடும். ஏப்ரல் முதல் ஞாயிறு அதிகாலை 3 மணி, மறுபடி 2 மணியாகும். இடைப்பட்ட மாதங்களில் ஓடும் அந்த நேரம்தான் கோடை நேரம். நகரத்தில் இருப்பவருக்கு ஒரு நாள் தூக்கம் கூடும், ஒரு நாள் குறையும், அதோடு முடிந்தது. மேற்கு விக்டோரியாவில் இருநூறு மாடு கறக்கும் குடும்பத்துக்கு அப்படி முடிவதில்லை. மடிக்குக் கடிகாரம் தெரியாது. பால் எடுக்க வரும் டேங்கருக்குக் கடிகாரத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஆள்தான் ஆண்டுக்கு இருமுறை ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

கோடை நேரமே விவசாயிகளுக்காகத்தான் வந்தது என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். உண்மை நேர்மாறானது. 1916-ல் ஜெர்மனி இதைக் கொண்டுவந்தது போர்க்காலத்தில் நிலக்கரியை மிச்சம் பிடிக்க. அமெரிக்காவில் 1918-ல் வந்ததை அடுத்த ஆண்டே ஒழிக்கச் சொல்லி முன்னால் நின்றவர்கள் விவசாயிகள். அதிபர் வில்சனின் தடையுரிமையையும் மீறி 1919-ல் அந்நாட்டு நாடாளுமன்றம் அதை நீக்கியது. தாஸ்மேனியா 1967-ல் தொடங்கியதற்குக் காரணம் வறட்சி. நீர்மின் அணைகளில் தண்ணீர் இறங்கிவிட்டது. பண்ணையின் தேவை இந்தக் கணக்கில் எங்கும் இருந்ததில்லை. அதனால் பண்ணைக்கு ஏற்றபடி இதைச் சமாளிக்கும் வழியைப் பண்ணைதான் தேட வேண்டும்.

வழிகள் மூன்று. ஞாயிறு காலையே புதிய நேரத்துக்கு மாறிவிடுவது ஒன்று. சில நாட்களில் கால் மணி கால் மணியாக நகர்த்துவது இன்னொன்று. மாட்டைத் தொடாமல் ஆண்டு முழுவதும் பழைய நேரத்திலேயே கறப்பது மூன்றாவது. மூன்றிலும் மாடு பிழைத்துக்கொள்ளும். உங்கள் பண்ணைக்கு எது பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது, வாசலுக்குக் கடிகாரம் பார்த்து வருபவர்கள் யார் யார் என்பதுதான்: டேங்கர், வேலையாள், பள்ளிப் பேருந்து. அவர்கள் அசைந்துகொடுக்கும் அளவைப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுக்கு வர வேண்டும்.

ஞாயிறு காலையே மாறுவது

அதிகாலை 5 மணி, பிற்பகல் 3 மணி என்று கறக்கும் பண்ணையை எடுத்துக்கொள்வோம். இரவு இடைவெளி 14 மணி நேரம், பகல் இடைவெளி 10. அக்டோபரில் கடிகாரம் முன்னே போகிறது. சனி 3 மணிக்குக் கறந்த மாடு ஞாயிறு 5 மணிக்கு நிற்கும்போது 13 மணி நேரம்தான் ஆகியிருக்கும். மடி நிறைந்திராது. அந்த ஒரு கறவையில் பால் சற்றுக் குறையும். மடிக்கு வேறு தொந்தரவில்லை. சிரமம் ஆளுக்கு. உடம்புக்கு அது 4 மணி. இருட்டில் படுத்திருக்கும் மாடுகளை எழுப்பி ஓட்டி வர வேண்டும். வழக்கமாக வாயிலில் வந்து காத்திருக்கும் மாடு அன்று வராது. ஓட்டி வர இருபது நிமிடம் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளுங்கள். அவசரப்படுத்தி ஓட்டினால் நொண்டி மாடுகள்தான் பெருகும், மிரண்ட மாடு சுரப்பும் விடாது.

ஏப்ரலில் எல்லாம் தலைகீழ். சனி 3 மணியிலிருந்து ஞாயிறு 5 மணி வரை 15 மணி நேரம். ஆளுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் லாபம், மாட்டுக்கு ஒரு மணி நேரம் மடி கனம். வாயிலில் நின்று கத்தும். காம்பிலிருந்து பால் சொட்டும் மாடுகளைப் பார்க்கலாம்; திறந்த காம்புத் துளையோடு அது சேற்றில் படுத்தால் மடிநோய்க் கிருமி உள்ளே போக வழி கிடைக்கிறது. குளிர்காலம் முடிந்து கன்று போடும் மந்தைக்கு ஏப்ரல் என்பது கறவையின் கடைசிக் காலம், பால் வற்றி வரும் நேரம், அதனால் பெரிதாகப் பாதிக்காது. இலையுதிர் காலத்தில் கன்று போட்ட மந்தை அப்படியல்ல. மார்ச்சில் ஈன்று உச்சத்தை நோக்கிப் போகும் மாட்டுக்கு அந்தப் பதினைந்தாவது மணி நேரம் உறைக்கும்.

பால் தொட்டியின் கொள்ளளவையும் ஒருமுறை கணக்குப் பாருங்கள். நாளுக்கு 5,000 லிட்டர் தரும் மந்தை ஒரு மணி நேரத்தில் சுமார் 208 லிட்டர் சுரக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டேங்கர் வரும் பண்ணையில் 10,000 லிட்டர் தொட்டி வழக்கமாகவே விளிம்பு வரை போகிறதென்றால், ஏப்ரலில் அந்த ஒரு சுற்றில் 208 லிட்டருக்கு இடம் இருக்காது. நிறைந்து வழிந்த பிறகு டேங்கர் ஓட்டுநருக்குப் போன் போடுவதில் பயனில்லை. வெள்ளிக்கிழமையே பேசிவிட வேண்டும்.

இந்த வழியின் பெரிய பலம் எளிமை. வேலையாள், டேங்கர், பிள்ளைகள் எல்லோரும் ஒரே கடிகாரத்தில் இருப்பார்கள். குழப்பத்துக்கு இடமில்லை. பகல் இடைவெளி, இரவு இடைவெளி இரண்டும் திங்கள் முதல் வழக்கம்போல் ஆகிவிடும். நாளின் மொத்தப் பாலில் பெரிய இழப்பு இராது. மடி பதினாறு மணி நேரம் வரை ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுரந்துகொண்டிருக்கும் என்பதால், குறைவது கூடுவது எல்லாம் ஒரு கறவைக்கும் அடுத்த கறவைக்கும் இடையிலான பங்கீடுதான்.

கால் மணி கால் மணியாக

நாளுக்கு 15 நிமிடம் வீதம் நான்கு நாள். காகிதத்தில் சுலபம். எந்த நாளில் தொடங்குவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள், ஏனென்றால் அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் விடை வேறு வேறு.

டேங்கர் காலை 8 மணிக்கு வருகிறது, கறவை இரண்டு மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். கறவை தொடங்கி மூன்றரை மணி நேரத்துக்குள் பால் 5 டிகிரிக்கோ அதற்குக் கீழோ இறங்க வேண்டும் என்பது இங்குள்ள நெறி. 5 மணிக்குத் தொடங்கினால் 8:30 வரை அனுமதி உண்டு; ஆனால் 8 மணிக்கு வரும் ஓட்டுநர் தொட்டியின் வெப்பநிலையைப் படித்துவிட்டுத்தான் குழாயை மாட்டுவார். சூடு இறங்காத பாலை அவர் ஏற்றாமல் போகலாம்.

அக்டோபரில் மாற்றத்துக்கு முன்பே தொடங்குங்கள். வியாழன் 4:45, வெள்ளி 4:30, சனி 4:15, ஞாயிறு புதிய நேரப்படி 5:00. பிற்பகலும் அதேபோல் 2:45, 2:30, 2:15, பிறகு 3:00. ஒவ்வொரு நாளும் கறவை முன்கூட்டியே முடிவதால் பால் குளிர நேரம் கூடுதலாகவே கிடைக்கும். மாறாக ஞாயிறன்று தொடங்கி 5:45, 5:30, 5:15, 5:00 என்று வந்தால், முதல் நாள் கறவை 7:45-க்கு முடியும். கால் மணி நேரத்தில் டேங்கர் வந்து நிற்கும். பால் குளிர்ந்திருக்காது.

ஏப்ரலில் மாற்றத்துக்குப் பிறகு தொடங்குங்கள். ஞாயிறு 4:15, திங்கள் 4:30, செவ்வாய் 4:45, புதன் 5:00. முன்பே தொடங்கினால் வியாழன் 5:15, வெள்ளி 5:30, சனி 5:45 என்று போகும்; மறுபடி அதே டேங்கர் சிக்கல். ஆக, வசந்தத்தில் முன்னால், இலையுதிர்காலத்தில் பின்னால். இரண்டு முறையும் விலை கொடுப்பது மனிதத் தூக்கம். ஏப்ரலில் ஊரே ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கும் ஞாயிறன்று உங்களுக்குக் கால் மணி நேரம்தான் மிஞ்சும்.

இது யாருக்குத் தேவை? புதிதாக ஈன்ற மாடுகள் நிறைய இருக்கும் மந்தைக்கு, முதல் ஈற்று கிடாரிகள் அதிகமுள்ள மந்தைக்கு, மடிநோயைக் காட்டும் சோமாட்டிக் செல் எண்ணிக்கை பாலில் ஏற்கெனவே எல்லையில் நிற்கும் பண்ணைக்கு. எண்ணிக்கை மில்லி லிட்டருக்கு இரண்டரை லட்சத்தை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தால் ஏப்ரலில் இந்த வழியை விட வேண்டாம். மற்றவர்களுக்கு நான்கு நாள் நான்கு விதமான நேரம் என்பது பலனைவிடத் தொந்தரவு அதிகம். சம்பளத்துக்கு வரும் கறவையாள் இருந்தால் ஒவ்வொரு நாள் நேரத்தையும் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள், கொட்டகையின் பலகையிலும் எழுதி வையுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் சனிக்கிழமை ஒருவர் 4:15-க்கும் இன்னொருவர் 5 மணிக்கும் வருவார்கள்.

நகர்த்தும் நாட்களில் தீவனமும் கறவையோடு சேர்ந்தே நகர வேண்டும். கறவையை முன்னே கொண்டுவந்துவிட்டு மேய்ச்சல் துண்டின் வேலியைப் பழைய நேரத்தில் திறந்தால், வெறும் வயிற்றில் அரை மணி நேரம் நின்ற மாடு புதுப் புல்லில் பாய்ந்து மேயும். கன்றுகளுக்குப் பால் ஊற்றுவதும் அப்படியே. நேரம் நகர்வதைச் சமன்செய்ய அடர்தீவனத்தைக் கூட்டுவது கூடவே கூடாது.

மாட்டைத் தொடாமல் விடுவது

ஆண்டு முழுவதும் திட்ட நேரத்தில், கோடைக்காக நகர்த்தாத பழைய நேரத்தில், கறப்பது, அதாவது கோடையில் கடிகாரப்படி காலை 6, மாலை 4. கேட்பதற்கு இதுவே இயல்பாகத் தோன்றும். மாடு, புல், பனி, வெயில் எதுவும் மாறவில்லையே, நாம் மட்டும் ஏன் மாற வேண்டும்? கணவனும் மனைவியும் மட்டுமே வேலை செய்யும் பண்ணை, டேங்கர் நண்பகலுக்கு மேல் வரும் பாதை, வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இல்லை என்றால், இதைவிட நல்ல வழி கிடையாது.

சிக்கல் தொடங்குவது வெளியாள் வந்து தொடும் இடங்களில். காலை 6 மணிக் கறவை 8-க்கு முடிந்தால் டேங்கர் நேரத்தை மாற்றிக் கேட்க வேண்டும். டேங்கர் ஒரு பாதையில் பல பண்ணைகளுக்குப் போவது, உங்களுக்காக மட்டும் அசையாது. மாலைக் கறவை 6 மணிக்கு முடிந்து, கழுவி வெளியே வர 7 ஆகும். ஊரில் உதிரிப்பாகக் கடை 5 மணிக்கே மூடியிருக்கும். பால் கறக்கும் இயந்திரத்தின் ரப்பர் குழல் கிழிந்தால் மறுநாள்தான். இதையெல்லாம்விடப் பெரியது, இரண்டு நேரங்களை மனத்தில் சுமப்பது. இலங்கையில் 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அக்டோபரில் அரை மணி நேரம் பின்னே இழுத்து, 2006 ஏப்ரலில்தான் பழைய நிலைக்குத் திரும்பினார்கள். இடைப்பட்ட பத்தாண்டுகளில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தன. 'பழைய நேரமா, புதிய நேரமா' என்று கேட்டு உறுதிசெய்யாமல் எந்தச் சந்திப்பும் நடக்காத அந்த நிலையை அனுபவித்தவர்களுக்கு, ஒரே வாசலுக்குள் இரண்டு கடிகாரம் வைப்பதன் பாரம் விளக்காமலே புரியும். கால்நடை மருத்துவர், சினை ஊசி போடுபவர், தீவன லாரி என்று வரும் ஒவ்வொருவரிடமும் அந்தக் கேள்வி உண்டு.

குயின்ஸ்லாந்து ஒரு மாநிலமாகவே இந்த மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. 1989 முதல் மூன்று கோடைகளுக்குக் கோடை நேரத்தை வைத்துப் பார்த்துவிட்டு, 1992 பிப்ரவரி 22-ல் வாக்கெடுப்பு நடத்தினார்கள். 54.5 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். தென்கிழக்கு மூலையில் ஆதரவு, உள்நாட்டிலும் வடக்கிலும் எதிர்ப்பு. வரைபடத்தைப் பார்த்தால் காரணம் தெரியும். அந்த நேர மண்டலம் 150 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியது. பிரிஸ்பேன் 153-ல் இருக்கிறது; அங்கே டிசம்பரில் 4:45 மணிக்கே விடிந்துவிடும், ஒரு மணி நேரத்தை மாலைக்குத் தள்ளினால் அவர்களுக்கு லாபம். மவுண்ட் ஐசா 139.5-ல் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கில் அங்கே சூரியன் உச்சிக்கு வருவதே சுமார் 12:42-க்கு. கோடை நேரம் வந்தால் 1:42. பள்ளிப் பேருந்து 3 மணிக்குக் கிளம்பும்போது உச்சி வெயில் தாண்டி ஒன்றேகால் மணி நேரம்தான் ஆகியிருக்கும். அந்த வெயிலில் நீண்ட மண் பாதையில் பிள்ளைகளை அனுப்ப மனம் வராதவர்கள் வேண்டாம் என்று வாக்களித்ததில் வியப்பில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவும் 1975, 1984, 1992, 2009 என நான்கு முறை கேட்டு நான்கு முறையும் மறுத்தது.

ஆனால் மாநிலமே மறுப்பதும் ஒரு பண்ணை மட்டும் மறுப்பதும் ஒன்றல்ல. குயின்ஸ்லாந்தில் டேங்கரும் பள்ளியும் மாட்டோடு சேர்ந்தே நிற்கின்றன. விக்டோரியாவில் நீங்கள் ஒருவர்தான் நிற்பீர்கள்.

நடுவழி ஒன்றும் உண்டு. நியூ சவுத் வேல்ஸைச் சேர்ந்த லார்ட் ஹாவ் தீவு கோடையில் அரை மணி நேரம் மட்டுமே கடிகாரத்தை நகர்த்துகிறது. பண்ணையிலும் இதைச் செய்யலாம்: குளிர்காலத்தில் 5 மணி, கோடையில் 5:30. மாட்டுக்கு அரை மணி, ஆளுக்கு அரை மணி. டேங்கர் 9 மணிக்கு மேல் வரும் பண்ணைகளுக்கு இது மூன்றாவது வழியைவிட நிச்சயம் மேல்.

வெயில் என்னும் தனிக் கணக்கு

இதுவரை சொன்னது மாறும் வாரத்தைப் பற்றி. மாறிய பிறகு ஆறு மாதம் வாழ வேண்டுமே. மேற்கு விக்டோரியாவின் வார்னம்பூல் பக்கம் 142.5 பாகை, கோடை நேரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ 1:30-க்கு, நாளின் கடுஞ்சூடு 4, 5 மணியளவில். 3 மணிக் கறவையை அப்படியே வைத்தால், கறவை முடிந்த மாடு நாளின் மிக மோசமான நேரத்தில் மேய்ச்சலுக்கு நடக்கிறது. 35 டிகிரிக்கு மேல் போகும் நாட்களில் கறவையை 5:30, 6 மணிக்குத் தள்ளுங்கள். கோடை நேரம் இங்கே கைகொடுக்கிறது: டிசம்பர், ஜனவரியில் 8:45 தாண்டியும் வெளிச்சம் இருக்கும், 8 மணிக்குக் கறவை முடித்து ஈரத் துணி காயும் முன் வேலியை நகர்த்திவிடலாம். மறுநாள் காலை இடைவெளி 11 மணி நேரமாகக் குறையும், பாதகமில்லை. காத்திருப்புத் தளத்தின் கான்கிரீட்டை மாடு வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே நனைத்து வையுங்கள். சூடான தளத்தில் மாட்டை நிறுத்திவிட்டு மேலே தண்ணீர் தெளித்தால் புழுக்கம்தான் கூடும்.

மார்ச் கடைசியில் எதிர்த் தொல்லை. கோடை நேரம் இன்னும் முடியாத அந்த வாரங்களில் அங்கே விடிவதே 7:30 தாண்டி. கறவை முழுவதும் இருட்டில் நடக்கும். 7:30 பேருந்துக்குச் சாலையோரம் நிற்கும் பிள்ளை பால் லாரி ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது. பிரதிபலிக்கும் மேலங்கி ஒன்றை வீட்டுக் கதவிலேயே மாட்டி வையுங்கள்.

கடிகாரம் ஒளிந்திருக்கும் இடங்கள்

எந்த வழியை எடுத்தாலும் தவறு நடப்பது பெரும்பாலும் மறந்துபோன ஒரு டைமரில். கொட்டகையின் சுவர்க் கடிகாரம் தானாக மாறாது, கைபேசி மாறும். ஞாயிறு காலை இரண்டும் வேறு வேறு சொல்லும். இயந்திரம் கழுவும் சுடுநீர்த் தொட்டி மலிவு மின்சார நேரத்தில் சூடாகும்படி வைக்கப்பட்டிருக்கும். பழைய மீட்டர்கள் ஆண்டு முழுவதும் திட்ட நேரத்திலேயே ஓடக்கூடியவை. அப்படியானால் கோடையில் மலிவு நேரம் கடிகாரப்படி ஒரு மணி நேரம் தள்ளித் தொடங்கி தள்ளி முடியும். உங்கள் டைமரை மட்டும் மாற்றினால் அந்த ஒரு மணி நேரத்துக்கு முழு விலை கொடுப்பீர்கள். பில்லைப் பார்த்து உறுதிசெய்த பிறகே கை வையுங்கள்.

கோழிக் கொட்டகையின் விளக்கு டைமரைத் தொடவே வேண்டாம். முட்டைக் கோழிக்கு வேண்டியது ஒரே சீரான ஒளி நேரம். கடிகாரத்தில் எத்தனை மணி என்பது பொருட்டல்ல. ரோபோ கறவைப் பண்ணையில் மாட்டைக் கறவைக்கு அனுமதிப்பது, கடந்த கறவையிலிருந்து ஆன இடைவெளியைக் கணக்கிட்டு இயங்கும், அது தப்பிக்கும். மேய்ச்சல் வாயில்கள் கடிகாரத்தில் இயங்கும். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை துண்டு மாறும் அமைப்பில் அக்டோபர் ஞாயிறன்று ஒரு துண்டு ஏழு மணி நேரமே கிடைக்கும், ஏப்ரலில் ஒன்பது. அந்தக் கணினியைத் திட்ட நேரத்தில் நிலையாக வைத்துவிடுவதே நல்லது. சினைப்பருவம் ஒருங்கிணைக்கும் ஊசித் திட்டத்தில் இருக்கும் மாடுகளுக்கு 56 மணி நேரம் என்று எழுதியிருந்தால், கடிகாரத்தைப் பார்க்காமல் மணிகளை விரல்விட்டு எண்ணுங்கள்.

விக்டோரியாவில் கோதுமை போடும் விம்மரா பக்கத்தில் கணக்கு வேறு மாதிரி. 12.5 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் தானியக் கிடங்கில் எடுக்க மாட்டார்கள். பனி உலர்வது சூரியனைப் பொறுத்தது, கிடங்கு மூடுவது கடிகாரத்தைப் பொறுத்தது. திட்ட நேரத்தில் 10 மணிக்கு வெட்டத் தொடங்கும் வயலில் கோடை நேரப்படி 11 ஆகிவிடும், கிடங்கு மூடும் நேரம் அதே 7. தானியம் நன்றாக உலர்ந்திருக்கும் மாலை நேரத்தில் ஒரு மணி நேர அறுவடைக்குப் போக இடம் இருக்காது. அதற்கு வயலோரத்தில் ஒரு சேமிப்புத் தொட்டி கூடுதலாக வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் எல்லையோரத்தில், கூண்டிவிண்டிக்கும் பாகபில்லாவுக்கும் இடையில் வேலை செய்பவர்கள் கைபேசியில் தானியங்கி நேர மண்டலத்தை அணைத்துவிடுங்கள். ஆற்றுக்கு அக்கரைக் கோபுரத்தின் அலையைப் பிடித்ததும் மணி ஒன்று கூடும், குறையும். காலை 5 மணி அலாரம் 4-க்கோ 6-க்கோ அடிக்கும். பிரிஸ்பேன் என்றோ சிட்னி என்றோ ஒன்றைக் கையால் தேர்ந்தெடுத்துப் பூட்டிவிட்டு, வேலையாட்களின் கைபேசியிலும் அதையே வைத்துக் கொடுங்கள். மருந்து தெளிக்கும் பதிவேட்டில் நேரத்தின் பக்கத்தில் எந்த மாநில நேரம் என்றும் எழுதுங்கள். மருந்துக் காற்று பக்கத்து வயலுக்குப் போனதாகப் புகார் வந்தால், அன்றைய காற்றின் வேகத்தையும் வெப்பத் தலைகீழ் நிலையையும் (தரையை ஒட்டிய காற்று மேல்காற்றைவிடக் குளிர்ந்திருப்பது) அந்த மணியை வைத்துத்தான் சரிபார்ப்பார்கள்.